சாமிநாதன் டவுனுக்குப் போய்விட்டான்

அன்று காலை நடந்தவை, வரிசைப்படி:

1. லோகா சித்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவே செத்துக் கிடந்தார்.
2. எதிர்ச் சரிவிலிருந்து யாரோ "லோகா!" என்று கூப்பிட்டார்கள்.
3. செத்துக் கிடந்த சித்தி, "ஓய்!" என்று பதில் சொன்னார்.
4. இயக்குநர் "கட்" என்றார்.
5. சித்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் செத்தார்.
6. மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் பதில் சொன்னார்.
7. இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது ஒரு படப்பிடிப்பு. கோலாலம்பூரிலிருந்து ஒரு சின்னக் குழு, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல காலமாகப் பூட்டிக் கிடக்கும் துரை பங்களாவில் தமிழ்ப் பேய்ப்படம் எடுக்க வந்திருந்தது. அந்தக் குழுவில் நானும் ஒருத்தி.

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: கேமரா பிடித்ததைப் பத்திரமாகப் பிரதி எடுப்பேன், வெளிச்சமும் நிறமும் சரியா என்று திரையில் பார்த்துச் சொல்வேன், பிறகு கோலாலம்பூரில் ஓர் இருட்டறையில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி நிறம் திருத்துவேன்.

லோகா சித்தி என் அம்மாவின் தங்கை. முழுப்பெயர் லோகேஸ்வரி. எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளிலேயே ஆகக் கறுப்பான ஆள் அவர்தான். இதை நான் சொல்வதைவிட அவரே அதிகம் சொல்வார்.

அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். வெட்டிய கொழுந்தின் பச்சை வாசம், புகை விடும் இயந்திரத்தின் தித்திப்பான எண்ணெய் வாசம், இரண்டுக்கும் நடுவில் சித்தி தலையில் வைத்திருந்த தேங்காயெண்ணெய்.

செத்தவர் ஏன் பதில் சொன்னார் என்பதற்கு முன்னால், சாமிநாதனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கம்பளி தொங்கிய ஜன்னல்

என் சின்ன வயதில் சித்தி பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சம்பளம் வந்த வாரம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஓர் ஆங்கிலப் பேய்ப்படக் குறுந்தகடு வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோழிக்கறி சாப்பிட்ட கை வாசம் போவதற்குள், லைன் பிள்ளைகள் எல்லோரும் சித்தி வீட்டு சிமெண்டுத் தரையில் இருப்போம். வெளிச்சம் வராமல் ஜன்னலில் ஒரு கம்பளி தொங்கும்.

எங்களுக்கு ஆங்கிலம் புரியாது. சித்திக்கு ஹோட்டல் ஆங்கிலம் வரும். டீவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கதையை அவரே சொல்வார்.

"இந்தம்மா இருக்கே, யாரு பேச்சையும் கேக்காது. பாரு, ஒத்தையா கீழ போவுது. லைட்டப் போடலாம்ல? போடாது. வெள்ளக்காரிக்குக் கரெண்டு பில்லுன்னா பயம்."

அந்தப் படங்களில் அநேகமாக ஒரு கறுப்பு ஆள் இருப்பார். ஒவ்வொரு படத்திலும் வேறு நடிகர். சித்தி எல்லோருக்கும் ஒரே பெயர்தான் வைத்திருந்தார்.

"தோ, நம்ம சாமிநாதன் வந்துட்டான்!"

நாங்கள் கை தட்டுவோம். எங்களுக்கு அவர் ஒரே ஆள். சட்டை மாறும், மீசை மாறும், சில சமயம் உயரம்கூட மாறும். நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சாமிநாதன் நன்றாகத் தமாஷ் பேசுவான். வீட்டில் ஏதோ சரியில்லை என்பதை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிப்பான். பிறகு ஓர் இடத்தில் டார்ச் லைட்டோடு தனியாக எங்கோ போவான். அந்த நொடியில் சித்தியின் கட்டைவிரல் ரிமோட்டில் அமுங்கும். படம் ஒரு துள்ளுத் துள்ளி வேறு இடத்துக்குப் போய்விடும்.

"சாமிநாதன் டவுனுக்குப் போயிட்டான். கம்போங் ராஜா போற காய்கறி லோரி வந்துச்சு, ஏறிட்டான். அவனுக்கு என்னா லா, மூளை இருக்கு."

அதன்பின் மிச்சமிருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். எங்களுக்கு அவ்வளவாக வருத்தம் இருக்காது. சாமிநாதனோடு லோரியில் ஏறியிருக்கலாமே.

எங்கள் ஓடிப்பிடித்து விளையாட்டிலும் இது புகுந்தது. முதலில் பிடிபட்டவர் தோற்றவர் ஆகமாட்டார். "நான் சாமிநாதன், டவுனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கௌரவமாக வெளியேறலாம். சில பிள்ளைகள் அதற்காகவே வேண்டுமென்று பிடிபட்டார்கள்.

லோரி வரவில்லை

கோலாலம்பூரில் சினிமா படித்தபோது எனக்கு அடா என்ற தோழி கிடைத்தாள். நைஜீரியாவிலிருந்து வந்தவள். என்னைவிட ஒரு சாண் உயரம். முகத்தில் ஒளி எப்படி விழுகிறது, அது காலத்துக்குக் காலம் எப்படி மாறியிருக்கிறது என்று ஆராயும்படி எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அடா, பேய்ப்படங்களில் கறுப்பர்களின் முகங்களை எடுத்துக்கொண்டாள். சாமிநாதனின் நினைவில் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

முதலில் போட்ட படமே சித்தி வீட்டில் பார்த்ததுதான். டார்ச் லைட்டோடு அவன் போனான். நான் லோரிக்காகக் காத்திருந்தேன். லோரி வரவில்லை. வந்தது சாவு.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். யோசித்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். யோசிக்கத் தேவையே வந்ததில்லை. "இல்லை, இவன் டவுனுக்குப் போவான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அடா படத்தை நிறுத்தினாள். எல்லாவற்றையும் விளக்கவேண்டியதாயிற்று. அவள் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பின்னால் போ. அந்த இடத்தில் நீயே அமுக்கு. அவன் லோரி ஏறுவதை நானும் பார்க்கவேண்டும்" என்றாள். அமுக்கினேன்.

நான் அட்டவணை போட்டேன். என்னால் அப்படித்தான் எதையும் பார்க்க முடியும். ஒவ்வொரு கறுப்புப் பாத்திரத்துக்கும் மூன்று கட்டங்கள். ஒன்று, பெயர் உண்டா? இரண்டு, எப்படிப் போகிறார்? மூன்றாவதைச் சேர்க்கச் சொன்னது அடா: போனபின் யார் தேடுகிறார்கள்?

ஆகப் பழைய படங்களில் கறுப்பர்கள் மனிதர்களாகவே வருவதில்லை. காட்டுக்குள்ளிருந்து கேட்கும் முரசாக வருவார்கள், அல்லது கண்ணை உருட்டிக்கொண்டு ஓடும் வேலைக்காரனாக. வெள்ளையர் பயந்தால் அது பயம். அவன் பயந்தால் அது நகைச்சுவை.

எழுந்து நடக்கும் பிணங்களின் கதை கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது என்று அடா சொன்னாள். அங்கே அடிமைகளாக உழைத்தவர்களுக்குச் சாவு ஒரு பயம் இல்லையாம். செத்த பிறகும் அதே தோட்டத்தில் வேலை செய்யவேண்டி வருமோ என்பதுதான் பயம். அடிமைத்தனமும், எங்கள் முன்னோர் கப்பலேறி வந்த கூலி வாழ்க்கையும் ஒன்றல்ல. அதை நான் கலந்து பேசமாட்டேன். ஆனாலும் தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒரு காலம். கறுப்பு ஆள் துப்பாக்கி பிடிக்கிறான், முடிவெடுக்கிறான், எல்லாப் பேயையும் தாண்டிவிடுகிறான். கடைசியில் காப்பாற்ற வந்த மனிதர்களே அவனைச் சுட்டுவிடுகிறார்கள். அதற்கும் பிறகு சித்தியின் குறுந்தகடுகளின் காலம்: வேடிக்கை பேசும் நண்பன், எச்சரிக்கும் பெரியவர், அடுத்தவர் தப்பிப்பதற்காகக் கதவை அடைத்துக்கொண்டு நிற்பவன்.

கறுப்பு ஆள்தான் முதலில் சாவான் என்று உலகமே கேலி பேசுகிறது. நாங்கள் பார்த்தவரை எப்போதும் அப்படியில்லை. இரண்டாவதாகவோ நான்காவதாகவோ சாவதும் உண்டு. மாறாமல் இருந்தது மூன்றாவது கட்டம். அது காலியாகவே கிடந்தது. அவன் போனபின் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அடுத்த காட்சியில் கதை வேறு யாருக்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

அண்மையில் கறுப்பு இயக்குநர்களே பேய்ப்படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டத்தில் எழுத எங்களுக்கு ஏதாவது கிடைத்தது. வெளிச்சமும் அங்கேதான் மாறுகிறது. பழைய படச்சுருள் வெள்ளைத் தோலை அளவாக வைத்து உருவானது. நிறம் சரிபார்க்கும் அட்டையில் இருந்ததும் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம்தான். அறை இருண்டால் கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். அது வேண்டுமென்று செய்ததா, பழக்கத்தில் நடந்ததா என்று வகுப்பில் நீண்ட வாதம் நடந்தது.

"காணாமல் போனவனுக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றாள் அடா.

சாமிநாதனின் தங்கை

ஒரு விடுமுறைக்கு அடாவைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தேன். லைன் வீட்டு முனையில் தினேஷ் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். சிமெண்டுத் தரையில் என்னோடு உட்கார்ந்து படம் பார்த்தவன். அடாவைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டுவிட்டான்.

"தர்ஷினி! யாரு லா இது? சாமிநாதன் தங்கச்சியா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. என்ன சொல்கிறான் என்று அடா கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமாம், அண்ணனைத் தேடித்தான் வந்தேன், எங்கே அவர் என்று கேள்" என்றாள். கேட்டேன்.

"டவுனுக்குப் போயிட்டாரு!" என்று தினேஷ் கத்தினான். அதற்கு முழு லைனும் சிரித்தது.

சித்தி அடாவுக்குத் தோசை வார்த்துப் போட்டார். நடுவில் நான் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழி மாற்றிக்கொண்டிருந்தேன். ஏன் அவனை லோரி ஏற்றி அனுப்பினீர்கள் என்று அடா கேட்டாள். சித்தி தோசைக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மொத படத்துக்கு ஒழுங்காத்தான் கதை சொன்னேன். அந்தக் கறுப்பு ஆளு செத்தான். செத்ததும் அம்புட்டுப் பிள்ளைங்களும் டீவிய விட்டுட்டுத் திரும்பி என்னையப் பாத்துச்சுங்க. ஒரு பொண்ணு கேட்டுச்சு, 'அக்கா, பேய் வந்தா ஒங்களத்தான் மொதல்ல புடிக்குமா?'ன்னு. அதுக்கு நான் என்னா சொல்றது? அடுத்த வாரத்துலேருந்து லோரி ஏத்திட்டேன்."

நான் அந்த அறையில் இருந்தேனா என்று கேட்டேன்.

"நீ அப்ப தொட்டில்ல கெடந்த."

அடா வெகுநேரம் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தப் படங்களில் வரும் கறுப்பர்கள் அமெரிக்கர்கள். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. ஆனால் நான் லிஃப்டில் ஏறும்போது பையை இழுத்து அணைத்துக்கொள்கிற ஆட்கள் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள்தான். நீங்கள் அவனைக் காப்பாற்றியதற்கு எனக்குச் சந்தோஷம். ஆனால் தமிழன் ஆனபிறகுதான் அவனால் பிழைக்க முடிந்தது. அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது."

நான் இதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னேன். சித்தி கோபப்படவில்லை.

"நெசந்தான். நம்ம ஆளுன்னு சொல்லி அவன அவங்க கிட்டேருந்து எடுத்துட்டேன். அவங்க ஊருப் பேரு ஒண்ணும் எனக்குத் தெரியாது லா. நீ ஒண்ணு சொல்லு."

அடா தன் அண்ணன் பெயரைச் சொன்னாள்: ஒபின்னா. சித்தி இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் ஒபின்னா சாமிநாதன்.

பெயரில்லாத பாத்திரம்

படப்பிடிப்புக்கு வருகிறேன். இயக்குநர் திவாகர் நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். எல்லோரும் பசியாறினார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தான் பசியாறுவார். அவர் கதையில் நகரத்திலிருந்து ஒரு புதுமணத் தம்பதி பங்களாவுக்கு வருகிறார்கள். வழியில் ஒரு தோட்டத்துப் பெண் அவர்களைப் போகவேண்டாம் என்று தடுக்கிறாள். அன்று இரவே தேயிலைச் சரிவில் செத்துக் கிடக்கிறாள். அதற்குப் பிறகு பேய் தம்பதியிடம் வருகிறது.

அந்தப் பெண்ணாக நடிக்கவேண்டியவர் மலைப்பாதையில் மண் சரிந்ததால் வர முடியவில்லை. சித்தி தினமும் வேலை முடிந்து வேடிக்கை பார்க்க வருவார். பழக்க தோஷம், பக்கத்தில் நிற்பவர்களுக்கு விளக்கமும் சொல்வார். திவாகர் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்.

"அக்கா, நீங்களே நடிச்சுடுங்களேன்."

சாயங்காலத்துக்குள் விஷயம் லெம்பா பெர்த்தாம் வரை போய்விட்டது. அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாமா போன் செய்து, பிரீமியருக்கு எத்தனை டிக்கெட் கிடைக்கும் என்று கேட்டார். சித்திக்கு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது டீவிக்கு அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும் என்று அவர் சொல்லாத வருடம் இல்லை.

தனக்குரிய பக்கங்களை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இதுல என் பேரு என்னா?"

"தோட்டத்துப் பெண்ணுன்னுதான் போட்டிருக்கு சித்தி."

"சரி. நான் செத்தப்பறம் யாரு என்னையத் தேடறாங்க?"

"யாரும் இல்ல. அடுத்த சீன்ல அவங்க ரெண்டு பேரும் காப்பி குடிக்கிறாங்க."

"காப்பியா? தேத்தோட்டத்துக்கு வந்தா?"

சிரித்தோம். சித்தி சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"வெள்ளக்காரன் படம்னா நான் ரிமோட்ட அமுக்கிருவேன். இது தமிழ்ப் படம். நம்ம லைனுப் பிள்ளைங்க எல்லாம் டவுனுக்குப் போய்ப் பாக்கும். நான் லோரி ஏறிட்டேன்னு யாருகிட்ட சொல்றது? எல்லாத்துக்கும் புரியுமே, பாப்பா."

அவருக்கு அந்த வேடம் வேண்டும். அந்தச் சாவு வேண்டாம். சாகக்கூடச் சம்மதம். யாரும் தேடாத ஆளாகப் பிள்ளைகள் கண்ணில் விழுவதற்குத்தான் சம்மதமில்லை. திவாகரிடம் கேட்டுப் பார் என்றார்.

கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். "அவங்கள ஒரு ஆள் தேட ஆரம்பிச்சா கதை அங்கேயே நின்னுடும் தர்ஷினி. பயம் ஹீரோயின் மேலதான் இருக்கணும். இன்னும் ரெண்டு நாள்தான் கையில இருக்கு."

தொழில் முறையில் அவர் சொன்னது தவறில்லை. எல்லோரும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். எங்கள் மூன்றாவது கட்டம் காலியாக இருந்ததற்கு இதைவிட எளிய காரணம் இல்லை.

சித்தியிடம் வந்து சொன்னேன். காலையில் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படுத்தார். விடிந்ததும் வேலைக்குப் போகிற உடையில் வந்து நின்றார். ரப்பர் பூட்ஸ், நீளக் கை சட்டை, தலையில் கட்டிய துணி.

"சாகறேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு. முடிஞ்சதும் நேரா மலைக்கு வேலைக்குப் போயிடுவேன், கங்காணிகிட்ட சொல்லிட்டேன்."

பவுடர்

ஒப்பனைக்காரர் தன் பெட்டியைத் திறந்து, பழுப்பு நிறப் பசையைக் குழைக்க ஆரம்பித்தார். தோட்டத்துப் பெண் என்றால் இன்னும் கொஞ்சம் கறுப்பாக வேண்டுமாம்.

"இதுக்கு மேல கறுப்பா?" என்றார் சித்தி. "அப்பன்னா நீ ராத்திரியத்தான் கூட்டியாரணும், தம்பி."

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்த இரவுக் காட்சியைப் பகலில்தான் எடுக்கிறோம். பிறகு நான் அதை இருட்டாக்கி, நீலம் ஏற்றி இரவாக மாற்றவேண்டும். பசையும் பவுடரும் தோலின் பளபளப்பைக் கொன்றுவிடும். இருட்டாக்கும்போது முகம் செடியோடு செடியாக மறைந்துவிடும். அடாவோடு எத்தனையோ படங்களில் பார்த்த அதே மறைவு.

ஒளிப்பதிவாளரிடம் இதைச் சொன்னேன். பசை வேண்டாம், பவுடர் வேண்டாம். நெற்றியிலும் கன்னத்திலும் துளி எண்ணெய், வெளிச்சத்தை முகத்தில் திருப்பத் தரையோரம் ஒரு வெள்ளைப் பலகை. அவர் என் திரையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இது என் வேலைக்குள் வருகிற விஷயம். அதனால் யாரும் வாதாடவில்லை.

பதில்

எங்கள் மலையில் பனி இறங்கினால் அடுத்த வரிசைச் செடி தெரியாது. அப்போது கொழுந்து எடுப்பவர்கள் குரல் கொடுப்பார்கள். ஓரத்தில் இருப்பவர் அடுத்தவரின் பெயரைக் கூப்பிடுவார். அவர் "ஓய்" என்று சொல்லிவிட்டு, தனக்கு அடுத்தவரின் பெயரைக் கூப்பிடுவார். பெயர்கள் இப்படியே சரிவின் முனை வரை போய்த் திரும்பும். வழுக்கி விழுந்தவரோ மயங்கியவரோ இருந்தால் அவர் பெயரில் சங்கிலி அறுந்துவிடும். உடனே கொழுந்து வெட்டும் கத்தரியைப் போட்டுவிட்டு எல்லோரும் தேடப் போவார்கள். இப்போது வேலை செய்யும் நேப்பாளப் பையன்களும் எங்களைப் போலவே "ஓய்" சொல்லப் பழகிவிட்டார்கள்.

அன்று புகை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்ததோடு சரி, செயற்கைப் புகைக்குத் தேவை இல்லாமல் போனது. உண்மையான பனியே இறங்கியது. எதிர்ச் சரிவில் வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தி வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்ததால், அவருக்கான வரிசையை விட்டு வைத்திருந்தார்கள். பெயர்களின் சங்கிலியில் அவர் பெயரும் இருந்தது.

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் எண் போட்டு எழுதியவை நடந்ததற்கு இதுதான் காரணம்.

"கூப்பிட்டா பதில் சொல்லணும் லா, தம்பி," என்றார் சித்தி, செடிக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "அது தானா வருது."

"அக்கா, நீங்க செத்துட்டீங்க."

"தெரியுது. வாய்க்குத் தெரியலையே."

திவாகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புல்லிலிருந்து எழுந்து, இன்னும் ஒரே ஒரு தடவை என்றார். பனி விலகினால் வேலை கெட்டது.

மூன்றாவது தடவை. கேமரா ஓடுகிறது. எதிர்ச் சரிவில் பெயர்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன. பிறகு:

"லோகா!"

என் திரையில் சித்தியின் முகம் அருகாமையில் இருந்தது. கண் இமைக்கவில்லை. தொண்டை மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. பதிலை விழுங்கிவிட்டார்.

"லோகா!"

இன்னொரு குரல். "லோகாக்கா!" அது நேப்பாளக் குரல். பிறகு மூன்று நான்கு குரல்கள் சேர்ந்து. அதன்பின் பனிக்குள் எதுவும் இல்லை. சட்டென்று செடிகள் முறிகிற சத்தம் கேட்டது. பூட்ஸ் சத்தம். சரிவிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள்.

திவாகர் கையை உயர்த்தினார். "கட்" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உயர்த்திய கை அப்படியே நின்றது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவர் கமலா அக்கா, சித்தியோடு வேலை செய்பவர். பனியைக் கிழித்துக்கொண்டு வந்து, மண்டியிட்டு, சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏய் லோகா! என்னாடி? லோகா!" பின்னால் இன்னும் நால்வர் ஐவர், கையில் கத்தரியோடு. கேமராவை ஒருவரும் பார்க்கவில்லை.

சித்தி அசையவில்லை. திவாகர் சொன்ன பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் கமலா அக்கா சித்தியின் முதுகில் ஓர் அடி வைத்தார்.

"ஷூட்டிங்னு தெரியாதா ஒனக்கு?" என்று சித்தி கேட்டார்.

"தெரியும் லா. பதில் வரலையே! நான் என்னா செய்யட்டும்?"

திவாகர் என் திரைக்கு வந்தார். அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பெயர் பனிக்குள் வந்து வந்து மோதுவதும், பதில் வராததும், கமலா அக்காவின் கையும். "இந்தப் படத்துல எனக்கே பயம் வந்த இடம் இதுதான்" என்றார் கடைசியில். காப்பிக் காட்சியைத் தள்ளி வைத்தார். ஓடி வந்த எல்லோரையும் கேட்டுச் சம்மதம் வாங்கச் சொன்னார். சித்தியின் பக்கங்களில் "தோட்டத்துப் பெண்" என்று இருந்ததை அடித்துவிட்டு, லோகா என்று எழுதினார்.

சித்தி இதற்குள் பூட்ஸ் மண்ணைத் தட்டிவிட்டு எதிர்ச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் பெயர்கள் மறுபடியும் வரிசையாகப் போனது கேட்டது. அவர் பெயர் வந்ததும் "ஓய்!" வந்தது. தேவையைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

இன்று

அடா இப்போது தன் ஊரில் படத்தொகுப்பு வேலை செய்கிறாள். படம் வெளிவராததால் காட்சியை அவளுக்கு அனுப்ப முடியாது. போனில் சொன்னேன்.

"மூன்றாவது கட்டம் நிரம்பியது. முதலாவதும் நிரம்பியது. இரண்டாவது?"

"மாறவில்லை. சாகிறார்."

"அப்படியானால் வேலை பாக்கி இருக்கிறது" என்றாள். பிறகு, "ஒபின்னா சாமிநாதனுக்கு வணக்கம் சொல்" என்றாள்.

படம் நிறத் திருத்தத்தில் இருக்கிறது. அந்தச் சரிவைப் போன வாரம் இரவாக மாற்றி முடித்தேன். இரவிலும் சித்தியின் முகம் முழுதாகத் தெரிகிறது. கன்னத்தின் வளைவும், விழுங்கிய தொண்டையும் தெரிகின்றன. தேடி வரும் பகுதி நீளம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காப்பிக் காட்சி திரும்ப வேண்டுமாம். திவாகர் முடியாது என்று சொல்லவும் இல்லை, வெட்டவும் இல்லை. லைன் பிள்ளைகளிடம் சித்தி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

இதை எழுதும் இன்றுவரை, படத்தில் அவர்கள் லோகாவைத் தேடி வருகிறார்கள்.